கொயோட்டி வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸ் மாநிலத்தின் வடமேற்குச் சமவெளியில், மாட்டுப் பண்ணைகள் நடத்தும் நண்பர்களோடு சில குளிர்காலங்களாகக் கொயோட்டி வேட்டைக்குப் போய்வருகிறேன். அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் சிலர் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். அடிபட்ட இரையின் கூச்சலையோ கொயோட்டியின் ஊளையையோ குழலாலோ ஒலிபெருக்கியாலோ எழுப்பி, மறைந்திருந்து, அந்த அழைப்பைக் கேட்டு நெருங்கும் விலங்கைச் சுடுவதே இந்த வேட்டை. இதைத் தீர்மானிப்பது துப்பாக்கியை விடக் காற்றும் பொறுமையுமே என்பது என் அனுபவம். ஆகவே அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கொயோட்டி என்பது நரியா, ஓநாயா?

இரண்டும் இல்லை. ஓநாய்க்கும் நாய்க்கும் நெருங்கிய உறவுடைய தனி இனம் அது. நம் ஊர்க் குள்ளநரியைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் சட்டென்று பிடிபடும்: கூரிய முகம், உயர்ந்து நிற்கும் பெரிய காதுகள், சாம்பலும் பழுப்பும் கலந்த மயிர், நுனி கறுத்த அடர்ந்த வால். ஆனால் குள்ளநரியை விடப் பெரியது. மேற்குப் பகுதிகளில் பெரும்பாலானவை 9 முதல் 16 கிலோ வரை இருக்கும். கிழக்குக் கரையோர மாநிலங்களில் ஓநாய், நாய் ஆகியவற்றின் கலப்பால் அதைவிடப் பருமனாக வளர்கிறது.

பெயர் மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து ஸ்பானியம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1823இல் தாமஸ் சே என்ற இயற்கை அறிஞர் இதற்கு அறிவியல் பெயரிட்டபோது ‘குரைக்கும் நாய்’ என்று பொருள்படும்படி வைத்தார். அந்திக் கருக்கலில் இரண்டே இரண்டு கொயோட்டிகள் சேர்ந்து எழுப்பும் குரைப்பும் ஊளையும் பத்துப் பன்னிரண்டு விலங்குகள் கூடிக் கத்துவதுபோல் கேட்கும். முதன்முதலாகக் கேட்பவர் எண்ணிக்கையைத் தவறாகக் கணிப்பது இயல்பு.

இதை ஏன் வேட்டையாடுகிறார்கள்?

முதல் காரணம் கால்நடை. ஆட்டுக்குட்டிகளையும், சில நேரங்களில் பிறந்து ஓரிரு நாளே ஆன கன்றுகளையும் கொயோட்டி கொல்லும். இரண்டாவது, மான் குட்டிகளைக் காப்பது. யூட்டா மாநிலம் 2012இல் இதற்கென்றே சட்டம் இயற்றி, பதிவு செய்துகொண்ட வேட்டைக்காரர்கள் கொல்லும் ஒவ்வொரு கொயோட்டிக்கும் 50 டாலர் கொடுக்கத் தொடங்கியது. மூன்றாவது, மயிர்த்தோல். குளிர்கால மேலங்கிகளின் தலைமூடி ஓரத்தில் தைப்பதற்காக ஒரு காலத்தில் நல்ல விலை போன தோல், பெரிய ஆடை நிறுவனங்கள் விலங்கு மயிரைக் கைவிட்ட பிறகு மதிப்பிழந்துவிட்டது. தோலை நம்பி இந்த வேட்டைக்கு வருவோர் இப்போது மிகக் குறைவு.

வேட்டையாடினால் இவற்றின் எண்ணிக்கை குறைந்துவிடுமா?

பரந்த நிலப்பரப்பில் நிலையாகக் குறையாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதே வேட்டைக்காரனுக்கு அழகு என்று நான் கருதுகிறேன். அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குச் சேவைப் பிரிவு மட்டுமே, பல ஆண்டுகளில், ஓர் ஆண்டுக்கு 60,000க்கும் மேற்பட்ட கொயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் 2009 நவம்பர் முதல் 2010 மார்ச் வரை ஒரு கொயோட்டிக்கு 20 டாலர் வீதம் கொடுத்தபோது ஏறத்தாழ 71,000 கொயோட்டிகள் கொல்லப்பட்டன. அப்படியிருந்தும் முன்பு மேற்குச் சமவெளிகளிலும் பாலைகளிலும் மட்டுமே இருந்த இந்த விலங்கு, இன்று ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், தெற்கே பனாமா வரையிலும் பரவியிருக்கிறது.

காரணம் அதன் இனப்பெருக்க முறையில் இருக்கிறது. ஒரு எல்லையில் வாழும் இணை கொல்லப்பட்டால், இடம் தேடி அலையும் இளம் கொயோட்டிகள் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுகின்றன. போட்டி குறைந்து இரை பெருகும்போது இளம் பெண் விலங்குகளும் ஈனத் தொடங்குகின்றன, குட்டிகளும் அதிகமாகப் பிழைக்கின்றன. ஆண்டுதோறும் 75 விழுக்காட்டைக் கொன்றால்கூட முற்றாக அழிக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகும் என்று 1975இல் கலிபோர்னியாவில் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது.

ஆகவே பயன் தருவது, ஆட்டுக்குட்டி கொல்லப்படும் இடத்தில், கொல்லும் பருவத்தில், கொல்லும் விலங்கையே குறிவைப்பதுதான். கலிபோர்னியாவின் ஹாப்லண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் நடந்த ஆய்வுகளில், ஆடுகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்த எல்லைக்கு உரிய, குட்டி போட்டு வளர்க்கும் மூத்த இணைகளே என்று தெரியவந்தது. காவல் நாயும், இரவில் பட்டியில் அடைப்பதும், செத்த கால்நடையை வெளியில் போட்டு வைக்காமல் அகற்றுவதும் இல்லாமல் துப்பாக்கியை மட்டும் நம்பும் பண்ணைக்காரர் அதே வேலையை ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? விசாவில் இருப்பவர் வேட்டையாடலாமா?

பெரும்பாலான மாநிலங்களில் கொயோட்டிக்குத் தடைக்காலமும் இல்லை, இத்தனைதான் என்ற வரம்பும் இல்லை. ஆனால் வேட்டை உரிமம், இரவு வேட்டை, விளக்கு, தோட்டா வகை ஆகியவற்றில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அங்கே நிலத்தின் மிகப் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம் என்பதால், நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வேலியைத் தாண்டி ஒரு அடி வைப்பதும் குற்றமாகும். பரிசுக்காகக் கூட்டமாகக் கொயோட்டி கொல்லும் போட்டிகளை வெர்மான்ட், நியூ மெக்சிகோ, கொலராடோ, ஆரிகன் முதலிய மாநிலங்கள் தடைசெய்துள்ளன. எனக்கும் அந்தத் தடைகளே சரியென்று படுகிறது.

விசா பற்றிய கேள்விதான் தமிழர்களிடமிருந்து அதிகம் வருகிறது. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அந்தத் தடைக்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று. நண்பரின் துப்பாக்கியைச் சிறிது நேரம் கையில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் ‘வைத்திருத்தல்’ என்ற கணக்கில் வரக்கூடும். உரிமம் கையில் இல்லாமல் இதைச் செய்து குடியேற்ற வழக்கில் சிக்கிக்கொள்ள வேண்டாம். தொடங்குவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

எந்த மாதங்கள் நல்லவை?

அக்டோபர், நவம்பரில் அவ்வாண்டுக் குட்டிகள் தாய்வீட்டை விட்டுப் பிரிந்து அலையும். அனுபவம் இல்லாத அந்த இளம் விலங்குகள் அழைப்புக்கு எளிதாக வரும் என்பதால் புதியவர்களுக்கு உகந்த பருவம் அதுதான். டிசம்பர், ஜனவரியில் குளிரும் பசியும் விலங்கைப் பகலிலும் நடமாட வைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலமாதலால் ஊளை ஒலிக்கு மதிப்பு அதிகம். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள், ஏப்ரல், மே மாதங்களில் வளைகளில் குட்டிகள் இருக்கும். அந்தப் பருவத்தில் தாயைச் சுட்டால் குட்டிகள் வளைக்குள்ளேயே பட்டினியால் சாகும். ஆடு கொல்லும் விலங்கைத் தடுக்க வேறு வழியில்லாத நிலை தவிர, ஏப்ரல் முதல் ஜூலை வரை நான் போவதில்லை.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முந்தின நாள் அந்தியில் போய், வண்டியை நிறுத்திவிட்டு, காது கொடுத்துக் கேளுங்கள். ஊளை எந்தப் பக்கம் எழுகிறது என்பது மறுநாள் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். மண் பாதைகள் கூடும் இடத்திலும், வேலிக்கு அடியில் விலங்கு நுழையும் பள்ளத்திலும் எச்சம் கிடக்கும். மயிரும் எலும்புத் துணுக்கும் கலந்து, முறுக்கிய கயிறுபோல் முனை கூர்ந்திருக்கும். காலடித் தடம் நாயினதைவிட நீண்டு ஒடுங்கி, நடை ஒரே நேர்கோட்டில் செல்லும்.

உட்காரும் இடத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு புதர் இருக்க வேண்டும். புதருக்குப் பின்னால் ஒளிந்தால் பார்வை மறைந்துவிடும். புதருக்கு முன்னால், அதன் நிழலில் அசையாமல் உட்கார்ந்தால் உருவக்கோடு கலைந்துவிடும். டெக்சஸில் இதற்குப் பயன்படுவது பெரும்பாலும் மெஸ்கிட் மரம். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு என்பதால், முள்ளின் குணம் நமக்குப் புதிதாக இராது. வண்டியை மேட்டுக்கு இப்பால் மறைவில் நிறுத்திக் கதவைச் சத்தமின்றி அழுத்தி மூடுங்கள். மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி உருவம் தெரியும்படி நடந்தால், அமர்வதற்கு முன்பே வேட்டை முடிந்துவிடும்.

காற்றைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. கொயோட்டி தன் கண்ணையும் காதையும் நம்பி அருகில் வரும். ஆனால் கடைசி முடிவை மூக்குதான் எடுக்கும். அடிபட்ட முயலின் கூச்சலைக் கேட்டு வரும் விலங்கு நேராக ஓடிவந்து விழுந்துவிடுவதில்லை. ஒலி எழும் இடத்தைச் சுற்றி வளைத்து, அங்கிருந்து காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குப் போய், முகர்ந்து பார்த்த பிறகே நெருங்கும். மனித வாடை ஒரு இழை கிடைத்தாலும் போதும், திரும்பிவிடும்.

ஒரு ஜனவரிக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். புல் முழுதும் வெள்ளை உறைபனி. ஊதி ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். இடப்புறச் சரிவிலிருந்து ஒரு பெரிய ஆண் கொயோட்டி தாழ்ந்த ஓட்டத்தில் வந்தது. எனக்கு முன்னால் எண்பது மீட்டரில் கடந்து, வலப்புறம் வளைந்தது. இன்னும் நெருங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஓர் இடத்தில், கோடு கிழித்ததுபோல், நின்றது. மூக்கு மேலே எழுந்து இருமுறை அசைந்தது, மூச்சின் ஆவி வெயிலில் தெரிந்தது. அடுத்த நொடி அங்கே வெறும் புல்தான் இருந்தது. காற்று அப்போதுதான் என் முதுகுப் பக்கம் மாறியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அன்று முதல், முகப்பவுடர் நிரப்பிய சிறு பிளாஸ்டிக் குப்பி ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை லேசாக அழுத்தினால், தூள் போகும் போக்கில் காற்றின் போக்கு கண்ணுக்குத் தெரியும்.

அமரும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். வடக்கு நோக்கி உட்காருங்கள். மின்னணு ஒலிபெருக்கி இருந்தால் அதை உங்களுக்கு இடப்பக்க முன்புறத்தில், நாற்பது மீட்டர் தள்ளி வையுங்கள். உங்கள் வாடை வலப்பக்கம் கிழக்கே போகும். ஒலியை முகர வரும் விலங்கு ஒலிபெருக்கிக்குக் கிழக்கே, அதாவது உங்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், உங்கள் வாடை ஓடும் கோட்டுக்கு வருமுன்பே. அந்தக் கோட்டையும் தாண்டிச் சுற்றும் விலங்கையும் பார்க்க முடியும்படி வலப்புறம் திறந்த வெளியாக இருக்கட்டும். அடர்ந்த புதர் அந்தப் பக்கம் இருந்தால், எத்தனை விலங்குகள் வந்து முகர்ந்துவிட்டுப் போயின என்பதே உங்களுக்குத் தெரியாது. வாடையை மறைக்கும் என்று சொல்லி விற்கும் தைலங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எந்த ஒலியை, எப்படி எழுப்ப வேண்டும்?

வாயால் ஊதும் குழல்களே பழைய வழி. ஊதும்போது அதிர்ந்து ஒலி தரும் நாக்குத் தகடு உள்ளே மூடியிருக்கும் வகை எளிது, ஒரே ஒலி தரும். தகடு வெளியில் தெரியும் வகையில் பல்லையும் உதட்டையும் அழுத்தும் இடத்துக்கேற்ப முயல், மான் குட்டி, ஊளை என்று பல ஒலிகள் வரும், ஆனால் பழக வேண்டும். கடுங்குளிரில் மூச்சின் ஈரம் தகட்டில் உறைந்து குழல் ஊமையாகிவிடும் என்பதால், ஊதாத நேரத்தில் அதைச் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டைக்காலத்தின் தொடக்கத்தில் முயலின் வலிக்கூச்சல் ஒன்றே போதும். முதலில் தாழ்ந்த ஒலியில் தொடங்க வேண்டும். அருகிலேயே படுத்திருக்கும் விலங்கை உரத்த ஒலி விரட்டிவிடும். அரை நிமிடம் ஊதி, ஓரிரு நிமிடம் நிறுத்தி, பிறகு சற்று உரக்க ஊதுங்கள். சாகும் முயலின் கதறல் இடைவிடாமல் ஒரே சுருதியில் கேட்காது, மூச்சு வாங்கித் திணறி உடையும். அந்தத் திணறலைக் கொண்டுவருபவருக்கே விலங்கு வரும். வேட்டைக்காலம் முற்றி, எல்லா ஊரிலும் எல்லாரும் அதே ஒலிபெருக்கியில் அதே முயலை ஒலிக்கவிட்டுச் சலித்த பிறகு, ஒரு தனி ஊளையோடு தொடங்கி நீண்ட நேரம் மௌனமாக இருப்பது பலன் தரும். சண்டைக்கு அழைக்கும் உறுமல் கலந்த ஊளையைப் புதியவர்கள் தவிர்க்கலாம். இளம் விலங்குகள் அதைக் கேட்டு ஒதுங்கிவிடும். சுட்ட பிறகோ தவறவிட்ட பிறகோ உடனே குட்டியின் அழுகையை ஒலித்தால், ஓடிய விலங்கு நிற்பதும், கூட வந்த இணை திரும்பி வருவதும் உண்டு.

ஒலிபெருக்கியின் அருகில் ஒரு கோலில் சிறகோ மயிர்க்கொத்தோ ஆடும்படி வைப்பது விலங்கின் கண்ணை உங்களிடமிருந்து விலக்கும். விலங்கைக் காட்டி விலங்கைப் பிடிக்கும் இந்த உத்திக்கு நம் பழந்தமிழில் ‘பார்வை’ என்றே ஒரு சொல் இருந்தது, பார்வை மான் என்பதில் வருவதுபோல.

ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் இருப்பது?

திறந்த சமவெளியில் இருபது நிமிடம், புதர்க்காட்டில் பதினைந்து. ஊளையை மட்டும் பயன்படுத்தினால் அரை மணிக்கும் மேல். அடுத்த அமர்வு ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கட்டும். வெறுங்கையோடு எழும்போதும் மெதுவாக எழுந்து நாற்புறமும் பாருங்கள். எழுந்த பிறகு கண்ணில்பட்டு ஓடியவை எனக்கே பல.

என்ன துப்பாக்கி?

சமவெளிக்கு .223 ரெமிங்டன் ரைபிளும் 50 முதல் 55 கிரெயின் எடையுள்ள தோட்டாவும் பெரும்பாலோர்க்குப் போதும். காற்று பலமாக வீசும் இடங்களில் .22-250, .243 வின்செஸ்டர் ஆகியவற்றை விரும்புகிறார்கள். புதர்க்காட்டில் விலங்கு முப்பது மீட்டருக்குள் திடீரென்று எட்டிப் பார்க்கும்போது, பருத்த ரவை நிரப்பிய ஷாட்கன்தான் உதவும். நாற்பது மீட்டரைத் தாண்டினால் அதை உயர்த்தக் கூடாது, காயப்படுத்தித்தான் அனுப்புவீர்கள்.

ஓடும் விலங்கைச் சுட வேண்டாம். வாயால் நாய்போல் ஒரே ஒரு ‘வுஃப்’ என்று குரல் கொடுத்தால், பெரும்பாலும் நின்று திரும்பிப் பார்க்கும். அந்த இரண்டு, மூன்று நொடிதான் உங்களுக்கு உரியது. துப்பாக்கி முன்னரே தாங்கியில் ஏறி, ஒலி வரும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். முன்காலின் தோளுக்குச் சற்றே பின்னால், மார்பின் நடுவில் குறி. அதன் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே விசையில் விரல் போகட்டும். சமவெளியில் தவறிய ரைபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். மேட்டுக்கு அப்பால் பண்ணைவீடு இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இரவில் போகலாமா?

அனுமதிக்கும் மாநிலங்களில் போகலாம். நாய் இனங்களின் கண் சிவப்பு ஒளியை அவ்வளவாக உணராது என்பதால் சிவப்பு விளக்கு நெடுங்காலமாகப் புழக்கத்தில் உண்டு. இப்போது உடல்வெப்பத்தைக் காட்டும் தெர்மல் நோக்கிகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் தெர்மலில் தெரிவது வெப்பத்தின் உருவம் மட்டுமே. பண்ணை நாயும், கன்றுக்குட்டியும், கொயோட்டியும் முந்நூறு மீட்டரில் ஒரே வெள்ளைப் புள்ளிதான். நடையையும் வாலையும் பார்த்து ஐயம் தீராத வரை சுடாதீர்கள். போவதற்கு முன் அந்த வட்டார வனவிலங்கு அலுவலருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்ல வழக்கம்.

ஓநாயைத் தவறிச் சுட்டுவிடும் அபாயம் உண்டா?

உண்டு, அது சிறைவரை கொண்டுபோகும் குற்றம். அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையில் 1998இல் மீண்டும் விடப்பட்ட மெக்சிகோ ஓநாய்கள் உள்ளன. கொலராடோவில் 2023 டிசம்பரில் சாம்பல் ஓநாய்கள் விடப்பட்டன. வட கரோலினாவின் கிழக்கு மாவட்டங்களில் உலகில் எஞ்சிய காட்டுச் செவ்வோநாய்கள் வாழ்கின்றன. கொயோட்டியோடு உருவில் மிக நெருங்கிய அவற்றைக் காப்பதற்காக 2014இல் நீதிமன்றம் அங்கே கொயோட்டி வேட்டைக்கே கட்டுப்பாடு விதித்தது.

ஓநாயின் முகம் அகன்று, காது சிறிதாக உருண்டு, கால் நீண்டு, பாதம் உள்ளங்கையளவு பெருத்திருக்கும். அதன் தடம் பத்து சென்டிமீட்டருக்கும் மேல். கொயோட்டியின் தடம் ஆறு, ஏழு சென்டிமீட்டர்தான். கொயோட்டி ஓடும்போது வாலைத் தாழ்த்தி ஓடும். செவ்வோநாயும் மெக்சிகோ ஓநாயும் இடைப்பட்ட அளவில் இருப்பதால், அந்த வட்டாரங்களில் ஐயம் எழுந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

பொறி வைத்துப் பிடிப்பது?

அது தனிக்கலை, தனி உரிமம். தரையில் எலி வளைபோல் ஒரு துளை தோண்டி, அதற்குள் வாடைப்பொருள் வைத்து, முன்னால் மண்ணுக்கடியில் கால்பொறியை மறைப்பது பரவலான முறை. அதை முறைப்படி ஒருவரிடம் நின்று கற்காமல் செய்யக் கூடாது, தினமும் போய்ப் பார்க்க முடியாதவர் வைக்கவே கூடாது. நஞ்சு எந்த வடிவிலும் வேண்டாம். காட்டுப் பறவைகளும் வீட்டு நாய்களும்தான் முதலில் சாகும்.

சுட்ட பிறகு என்ன செய்ய வேண்டும்?

சில நிமிடம் பொறுத்து, கண்ணைத் தொட்டால் அசைவு இல்லை என்பதை ஒரு குச்சியால் உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. சொறிப்பூச்சி, தெள்ளு, நாடாப்புழு முட்டை, முயல் காய்ச்சல் எல்லாம் அதில் இருக்கலாம். வெறிநோய் இன்னொன்று. தெற்கு டெக்சஸில் நாயிடமிருந்து கொயோட்டிக்குப் பரவிய வெறிநோயை அடக்க, 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பூசி பொதிந்த இரைத்துண்டுகளைப் போட்டார்கள். அந்த வகை நோய் அங்கே ஒழிந்துவிட்டாலும், மற்ற விலங்குகளிடமிருந்து தொற்ற வாய்ப்பு இருக்கவே செய்கிறது. தள்ளாடும், மனிதரைக் கண்டு விலகாத விலங்கைத் தொடாமல் அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

தோல் உரிப்பதானால் உடல் சூடு ஆறுவதற்குள் உரிப்பது எளிது. உரிக்காவிட்டால் நில உரிமையாளர் சொல்லும் இடத்தில் புதைத்துவிடுங்கள். சாலையோரத்தில் வீசுவதும் வேலியில் தொங்கவிடுவதும் அந்த விலங்குக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் செய்யும் அவமதிப்பு.

இதே முறையில் இந்தியாவில் நரி வேட்டையாடலாமா?

கூடாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குள்ளநரி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் இருக்கிறது. நரிபோல் ஊளையிட்டு நரியை வரவழைக்கும் திறன் நரிக்குறவர்களிடம் தலைமுறைகளாக இருந்தது. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்தில் பொங்கலை ஒட்டி வங்காநரி பிடித்து ஊருக்குள் கொண்டுவந்து, பின்னர் காட்டில் விடும் வழக்கமும் இருந்தது. அப்படிப் பிடித்தவர்களுக்கு வனத்துறை அபராதம் விதித்திருக்கிறது. கொல்லாமல் பிடிப்பதும் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான்.